ஒன்பது மணித் தண்ணீர்

மாங்கேணி
17.02.2009

அத்தான் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நான்கு வருடமாக விசாரிக்காத நலத்தை இன்றைக்கு விசாரித்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும், எனக்கும் வரும். வீட்டு விலாசத்துக்கு எழுதினால் புஸ்பம் அக்கா பயந்து ஏங்கிப் போவார் என்பதால் பள்ளிக்கூடத்துக்கு எழுதுகிறேன்.

உங்கள் தம்பியை, என் கணவரை, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போன வியாழக்கிழமை களுதாவளைக்கு, உங்கள் வீட்டுக்கு வருவதற்குத்தான் பஸ் ஏறினார். வழியில் ஓர் இராணுவச் சாவடியில் இறக்கிப் பையைக் கொட்டியிருக்கிறார்கள். உள்ளே நிலக்சியின் கொப்பி இருந்தது. ஆம், உங்கள் மகளின் கொப்பிதான். சுனாமி அன்று அவளுடைய பள்ளிக்கூடப் பை எங்கள் வீட்டுக் கூரை வளையில் தொங்கியதால் தப்பியது. அதை அவர் என்னிடம்கூடச் சொல்லாமல் தன் பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறார். உங்கள் வீட்டையும் கடல் வழித்துக்கொண்டு போனதில் பிள்ளையின் கையெழுத்தில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை என்று அக்கா பிள்ளையார் கோயிலடியில் அழுதாராம். தை மாதம் ஒருவர் வந்து சொன்னார். அன்றிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில், அக்காவிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டார்.

கொப்பியில் ஒரு பக்கம் முழுக்கப் படம். தடித்த சுவர், சுவர் நிறையத் துளைகள், துளையிலிருந்து உள்ளே போகும் வழி, வழி நெடுகச் சின்ன அறைகள், அறையிலிருந்து வேறு வழி, எல்லாம் சேர்ந்து மேலே ஒரு பெரிய வாசல். உள்வழி, அறை, வெளிவழி என்று கோடு இழுத்து எழுதியிருக்கிறது. மூலையில் × 200 என்று இருக்கிறது. இது பங்கர் என்கிறார்கள். இருநூறு மீற்றர் நீளமாம். எதிர்ப்பக்கம் கிழிக்கப்பட்டிருப்பதால், எந்த இடத்தில் வெட்டியது என்ற விவரம் அதில்தான் இருந்தது என்கிறார்கள். கேட்டுக் கேட்டு அடிக்கிறார்கள்.

நீங்கள் விலங்கியல் ஆசிரியர். பள்ளிக்கூட முத்திரையோடு ஒரு தடவை வந்து, இது இன்னது, என் மகள் வரைந்தது என்று சொன்னால் போதும். முப்பத்தோராம் நாள் பந்தலில் அவர் எல்லோருக்கும் முன்னால், "நான்தான் புள்ளையக் கரைக்கு அனுப்பினன்" என்று அழுததும், நீங்கள் "எனக்குத் தம்பி இல்ல" என்று எழுந்து போனதும் எனக்கு மறக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு இப்போது கணக்குத் தீர்த்துவிடாதீர்கள்.

றஞ்சிதா


களுதாவளை
25.02.2009

றஞ்சிதாவுக்கு,

உமது கடிதம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வந்தது. இனிப் பள்ளிக்கூடத்துக்கு எழுதுவதானால் உறையின் வெளிப்புறத்தில் மாங்கேணி என்று எழுத வேண்டாம்.

தம்பி இல்லை என்று நான் கோபத்தில் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை விடுமுறைக்கு நம்பி அனுப்பினேன். வாடைக் கடல் இரைகிற மார்கழி மாதத்தில் அவளைத் தனியே கரைக்கு அனுப்பியவன் அவன். அதை அவனே ஒப்புக்கொண்டான். இப்போது அவளுடைய கொப்பியை நான்கு வருடம் ஒளித்துவைத்திருந்தான் என்றும் எழுதுகிறீர். களவு என்பதற்கு வேறு சொல் இருந்தால் எனக்கு அறியத் தாரும்.

நான் வர முடியாது. எங்கள் பக்கத்தில் போன வருடம் ஓர் ஆசிரியரை வீட்டு வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் இன்னும் வரவில்லை. முகாம் வாசலில் போய் நின்று என் பெயரையும் அவர்களுடைய புத்தகத்தில் பதிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. அந்தப் படம் கடற்பஞ்சின் உட்தோற்றம். அதை நீரே சொல்லலாம்.

கிழிக்கப்பட்ட பக்கம் எது? யார் கிழித்தது? அதில் என்ன இருந்தது என்று அவன் உம்மிடம் ஏதும் சொன்னானா? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதும்.

க. கனகசூரியம்


மாங்கேணி
04.03.2009

அத்தான்,

தம்பி உயிரோடு இருக்கிறானா என்று ஒரு வரி கேட்டிருப்பீர்கள் என்று கடிதத்தை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தேன். கிழிந்த பக்கத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது.

நீங்கள் சொன்னபடி போய்ச் சொன்னேன். மொழிபெயர்ப்புக்கு முனாப் என்று ஓட்டமாவடிக்காரர் ஒருவர் இருக்கிறார், பொலிசில் வேலை. நல்ல மனிதர். கடற்பஞ்சு என்றால் செடியா என்று முகாமுக்குப் பொறுப்பான பெரியவர் கேட்டாராம். பிராணி என்றேன். அப்படியென்றால் கண் எங்கே, கால் எங்கே, தலை எங்கே என்று கேட்டார். எங்களுக்கு அது வலையில் வந்தால் உதறி எறிகிற சாமான். தொட்டால் கை தினவெடுக்கும், காயவைத்தால் நாறும். சில நண்டு அதைத் தொப்பி மாதிரி முதுகில் தூக்கிக்கொண்டு திரியும். மட்டியோட்டைத் துளைத்துச் சல்லடையாக்குகிற மஞ்சள் பஞ்சும் உண்டு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதைச் சொன்னதற்கு அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

நேரில் வர உங்களுக்குப் பயம். எழுதவாவது பயமில்லாமல் எழுதுங்கள். டொக்டராகப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறதை ஓ.எல். வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கும் விளங்குகிற மாதிரி எழுதுங்கள். நானே படித்துப் போய்ச் சொல்கிறேன். உயிரோடு ஒன்றைக் காட்டென்றால் எப்படிக் காட்டுவது என்றும் எழுதுங்கள்.

அவருக்கு இடது காதில் இரத்தம் வருகிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதிவிட்டேன்.

றஞ்சிதா


களுதாவளை
12.03.2009

றஞ்சிதாவுக்கு,

கீழே எழுதியிருப்பதை மனனம் செய்துகொள்ளும். கடிதத்தைக் காட்ட வேண்டாம். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

கடற்பஞ்சு ஒரு விலங்கு. அதற்குத் தலை, கால், கண் எதுவும் இல்லை. வாய், வயிறு, இருதயம், இரத்தம், நரம்பு ஒன்றும் இல்லை. இவை எதுவும் இல்லாமல் ஒரு விலங்கு எப்படி உயிர்வாழும் என்று கேட்பார்கள். அதற்குத் தண்ணீர்தான் எல்லாம் என்று சொல்லும்.

உடம்பின் வெளிப்புறம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். அவற்றின் வழியே கடல்நீர் உள்ளே போகிறது. உள்ளே கால்வாய்கள். கால்வாய்கள் சிறு அறைகளில் திறக்கின்றன. ஒவ்வோர் அறையின் சுவரிலும் வரிசையாகக் கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கலத்துக்கும் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டி, நடுவில் சவுக்குப்போல் ஒரு மயிர். அந்த மயிர் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் வரும் பற்றீரியா முதலிய நுண்ணுயிர்களைக் கழுத்துப்பட்டி வடித்துப் பிடிக்கும். அதுதான் உணவு. சுவாசிப்பதும் அந்தத் தண்ணீரிலிருந்துதான், கழிவு போவதும் அதனோடுதான். வேலை முடிந்த நீர் வேறு கால்வாய்களில் சேர்ந்து மேலே உள்ள பெரிய திறப்பால் வெளியேறும். அது பார்க்க வாய் போலிருக்கும், ஆனால் வாயல்ல. ஒரு நாளில் தன் உடம்பின் அளவைப்போல் பல ஆயிரம் மடங்கு நீரை அது வடிக்கிறது. படத்தில் உள்ள அறைகளும் வழிகளும் இவைதான். × 200 என்பது நுணுக்குக்காட்டியில் இருநூறு மடங்கு பெருப்பித்தது என்று பொருள். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் என் முன்னிலையில் அவள் வரைந்தது.

வெளித்தோலுக்கும் உட்சுவருக்கும் நடுவில் களி போன்ற ஒரு படை. அதில் அலைந்து திரியும் கலங்கள் உணவைச் சுமந்து கொடுக்கும். தேவைப்பட்டால் வேறு வகைக் கலமாகவும் மாறும். உடம்பு சரிந்துவிடாமல் தாங்குவது நுண்ணிய முட்கள். சிலவற்றில் அவை சுண்ணாம்பு, சிலவற்றில் கண்ணாடியின் மூலப்பொருள், சிலவற்றில் முள்ளே இல்லாமல் நார் மட்டும். உமது கை தினவெடுத்ததற்கு இந்த முட்களும் ஒரு காரணம். குஞ்சாக இருக்கும்போது நீந்தும். ஒருமுறை கல்லில் ஒட்டிக்கொண்டால் பிறகு இடம்பெயராது. துண்டு துண்டாக நறுக்கினாலும் துண்டு வளரும். மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்து கலங்களைப் பிரித்துவிட்டாலும் அவை ஊர்ந்து வந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். இதைப் படித்துவிட்டுக் குடும்பம், ஒற்றுமை என்று எனக்கு ஏதும் எழுதி அனுப்ப வேண்டாம். இரண்டு இனத்தைக் கலந்து பிழிந்தால் அந்தந்த இனம் தன் பாட்டில் பிரிந்துபோகும்.

உயிரோடு காட்டுவதானால் சிறு கல்லோடு பெயர்த்த பஞ்சாக எடும். காற்றில் தூக்கக் கூடாது, கால்வாய்களுக்குள் காற்றுப் புகுந்துவிடும். வாளியைக் கடலுக்குள் அமிழ்த்தி நீரோடு அள்ள வேண்டும். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து அதன் அருகில் மெதுவாக விட்டால், பக்கத்தால் உள்ளே போய் மேல்திறப்பால் வெளியே வருவது தெரியும்.

பக்கத்தைப் பற்றித் தெரியாது என்று எழுதியிருக்கிறீர். நம்புகிறேன்.

க.க.


மாங்கேணி
24.03.2009

அத்தான்,

உங்கள் பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் மனனம் செய்தேன். அவரோடு கடலுக்குள் முங்கிச் சுழியோடுகிற நல்லரத்தினம் கல்லோடு ஒரு பஞ்சு பெயர்த்துத் தந்தார். காற்றுப் படாமல்தான் அள்ளினேன். இரண்டு பஸ் மாறி, வாளியை மடியில் வைத்துக்கொண்டு போய், முகாம் வாசலில் வெயிலில் நாலு மணித்தியாலம் நின்றேன். உள்ளே கூப்பிட்டபோது தண்ணீர் கலங்கி நாறியது. நீலத்தை விட்டேன். அது விட்ட இடத்திலேயே நின்றது. பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். முனாப்தான், "பாவம் தங்கச்சி, இத வெளியில ஊத்திப்போட்டு வாங்க" என்றார். ஊத்திவிட்டுத் திரும்ப உள்ளே போகாமல் பஸ் ஏறினேன். அவமானத்தில்தான்.

வீட்டுக்கு வந்து அவருடைய பெட்டியைக் கிளறினேன். அவருக்குச் சுழியோட்டம் தெரியும், பஞ்சை உயிரோடு வைத்திருக்கிற விதம் எங்கேயாவது குறித்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. கொப்பியில் கிழித்த பக்கம் அதுதான். எழுத்து நிலக்சியுடையதல்ல. உங்களுடையது. அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"நிலக்சி, மூன்று வகைக் கடற்பஞ்சு. உயிரோடு பார்த்து வரைய வேண்டும். புத்தகத்தைப் பார்த்து வரைந்தால் கிழிப்பேன். ஒவ்வொரு மணிக்கும் கடலில் புதுத் தண்ணீர் அள்ளி மாற்று. தவறினால் செத்துவிடும். மாற்றியதும் அடையாளம் இடு. வந்ததும் பார்ப்பேன்."

கீழே கட்டம் போட்டு 26ஆம் திகதி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மணிக்கு அவள் அடையாளம் இட்டிருக்கிறாள். ஏழுக்கு இட்டிருக்கிறாள். எட்டுக்கு இட்டிருக்கிறாள். ஒன்பது வெறுமையாகக் கிடக்கிறது.

காற்றில் தூக்காதே என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு மணிக்கொரு தரம் தண்ணீர் மாற்று என்று எனக்கு எழுத மறந்துவிட்டதா? நீங்கள் மறக்கிற ஆள் இல்லை. அந்த வரியை எழுத உங்கள் கை வரவில்லை.

சந்திப்பு நாளில் அவரிடம் கேட்டேன். சொன்னார். அவர் பிள்ளையைக் கரைக்கு அனுப்பவேயில்லை. ஒன்பது மணிக்குக் கிட்ட அவர் வாவிப் பக்கம் வலை கட்டிக்கொண்டு நின்றார், நான் பின்னால் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். அவள் தானாக வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். மூன்றாம் நாள் இந்தப் பக்கத்தைப் பார்த்ததும், புஸ்பம் அக்காவுக்குத் தெரிந்தால் உங்கள் குடும்பம் நிற்காது என்று தான் அனுப்பியதாகச் சொல்லிவிட்டார். பிறகு அக்காவுக்குக் கொப்பியைக் கொடுக்க வேண்டி வந்தபோது பக்கத்தைக் கிழித்தார். "அதக் குடுத்திராத கா றஞ்சி. அண்ணன் செத்துப் போவாரு" என்றார். என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். ஆமிக்கும் கொடுக்கக் கூடாது, அக்காவுக்கும் காட்டக் கூடாது. உங்களுக்கு எழுதக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை.

நாலு வருடம் நானும் அவரை அந்தக் கண்ணால்தான் பார்த்தேன் அத்தான். பிள்ளையைக் கொன்றவன் என்று ஒரு சண்டையில் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

இந்த முறை பன்னிரண்டு போத்தல் கடல்தண்ணீர் கொண்டுபோனேன். மணிக்கொரு தரம் மாற்றினேன். நீலம் பக்கத்தால் போய் மேலே புகை மாதிரி வந்தது. பெரியவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். மறுபடி விடச் சொன்னார். விலங்குதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இப்படி வரையாதாம். கிழிந்த பக்கம் வேண்டுமாம். அல்லது வரைய வைத்த ஆசிரியர் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

றஞ்சிதா


களுதாவளை
02.04.2009

றஞ்சிதா,

அந்த எழுத்து என்னுடையதுதான்.

எட்டு மணிக்கு நான் இங்கே தேநீர் குடித்துக்கொண்டு, இந்நேரம் மாற்றியிருப்பாள் என்று நினைத்தேன். ஒன்பதுக்கும் நினைத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. பத்து நிமிடம் கழித்துத்தான் இங்கேயும் கடல் வந்தது. நானும் புஸ்பமும் பள்ளிக்கூட மாடியில் ஏறித் தப்பினோம். அங்கே நின்றபோதே எனக்குத் தெரியும். பந்தலில் அவன் தான் அனுப்பியதாகச் சொன்னபோது என் மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அது எவ்வளவு கேவலமென்று உம்மிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. அவனை வெறுத்தால்தான் எனக்கு நித்திரை வந்தது.

புஸ்பம் தினமும் விளக்கேற்றும்போது அவனைத் திட்டிவிட்டுத்தான் ஏற்றுகிறாள். அந்தப் பக்கத்தைக் கண்டால் அவள் என்னோடு ஒரு கூரையின் கீழ் இருக்க மாட்டாள். எங்கள் வழக்கம் உமக்குத் தெரியும். இது அவளுடைய சீதனக் காணியில் திரும்பக் கட்டிய வீடு. நான் ஒரு பையோடு வந்தவன்.

ஆகவே ஓர் ஒழுங்கு செய்வோம். படம் என் மாணவி வரைந்தது என்று முத்திரையோடு கடிதம் எழுதித் தபாலில் அனுப்புகிறேன். நீர் அந்தப் பக்கத்தை எரித்துவிட்டு, எரித்ததாக எனக்கு எழுதும். எரித்த செய்தி வந்ததும் கடிதம் வரும்.

க. கனகசூரியம்


மாங்கேணி
09.04.2009

அத்தான்,

உங்களுக்கு எந்த வயதில் வெட்கம் வரும் என்று நினைத்திருந்தேனோ, அந்த வயது கடந்துவிட்டது.

பிள்ளையின் மூன்று அடையாளமும் அந்தத் தாளில்தான் இருக்கின்றன. அதை எரிக்கச் சொல்கிறீர்கள், பெற்ற தகப்பன். நான் எரிக்க மாட்டேன். அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று பயமுறுத்தவும் மாட்டேன். என் வாயைக் கட்டியவர் உள்ளே அடிவாங்கிக்கொண்டு கிடக்கிறார். அவர் கட்டியதை நான் அவிழ்க்க முடியாது. நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும்.

தபாலில் வருகிற கடிதம் செல்லாது என்று முனாப் சொல்லிவிட்டார். சித்திரைப் புதுவருடம் கழிந்ததும் இருபதாம் திகதி அவரைத் தெற்கே அனுப்பப் போகிறார்கள். அங்கே போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள் என்று உங்கள் பள்ளிக்கூடத்தில் யாரையாவது கேளுங்கள்.

பதினெட்டாம் திகதி காலை ஒன்பது மணிக்கு முகாம் வாசலில் நிற்பேன். இனிக் கடிதம் எழுத மாட்டேன்.

றஞ்சிதா


கொக்கட்டிச்சோலை
24.05.2009

றஞ்சிதாவுக்கு,

புது விலாசத்தைப் பார்த்ததும் உமக்கு விளங்கியிருக்கும். வயல் வட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தகப்பனுடைய பழைய காவல் வீட்டில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு வாவியைக் கடந்துதான் போக வேண்டும். போகிறேன்.

ஏப்ரல் பதினெட்டாம் திகதி முகாம் வாசலில் நீர் அந்தப் பக்கத்தை என் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர். உள்ளே நடந்தது உமக்குத் தெரியாது. அதை எழுத வேண்டியது என் கடமை.

முதலில் பெரியவர் வெள்ளைத்தாளைத் தந்து அதே படத்தை வரையச் சொன்னார். வரைந்தேன். இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் வரைகிற படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையின் படம்தான் திருத்தமாக இருக்கிறது என்று சொன்னார். உண்மைதான். என் அறைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்றன.

பிறகு பக்கத்தைக் கேட்டார். மேசையில் வைத்தேன். முனாப் ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். கட்டத்துக்கு வந்ததும் ஆறு, ஏழு, எட்டு என்று விரலால் தொட்டார். நின்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

"சேர், ஒம்பதுக்கு ஏன் ஒண்டும் போடல்ல?"

"தண்ணி அள்ளப் போனவள். கடல் வந்திட்டு."

"எந்தக் கடல் சேர்?" என்று கேட்டவர், மேலே திகதியைப் பார்த்தார். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை. பெரியவர் இரண்டு தரம் என்ன என்ன என்று கேட்ட பிறகுதான் சொன்னார். யார் போகச் சொன்னது என்று பெரியவர் கேட்டார். நான் என்றேன். நான்கு வருடத்தில் அதை வாயால் சொன்னது அன்றுதான், அதுவும் ஓர் இராணுவக்காரனிடம்.

மே ஒன்பதாம் திகதி தம்பி தினேசை விடுவார்கள் என்று முனாப் எனக்கும் சொல்லியனுப்பினார். அன்று முகாமுக்கு வந்து கொப்பியையும் பக்கத்தையும் வாங்கிக்கொண்டேன். தினேசைப் பார்க்காமல் போய்விட்டேன். என்ன முகத்தோடு பார்ப்பது?

வீட்டுக்குப் போய்க் கொப்பியையும் பக்கத்தையும் புஸ்பத்தின் கையில் கொடுத்தேன். அவள் ஒரு மணித்தியாலம் படித்தாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

"தினேசுக்கு இது அப்பவே தெரியுமா?"

"ஓம்."

அவள் அழவில்லை, திட்டவில்லை. கொடியில் காய்ந்த என் சேட்டுகளை எடுத்து மடித்து ஒரு பையில் வைத்தாள். வீடு அவளுடையது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

பத்தொன்பதாம் திகதி சந்தியில் வெடி கொளுத்தினார்கள். யுத்தம் முடிந்ததாம். மறுநாள் அவளுடைய தமையன் வந்து, புஸ்பம் வீட்டைப் பூட்டித் திறப்பைத் தன்னிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள், எங்கே என்று சொல்லவில்லை என்றான். அவள் உங்களிடம் வந்தாளா? இதை மட்டும் எழுதும். தினேசின் காது எப்படி இருக்கிறது என்றும் எழுதும்.

கனகசூரியம்


மாங்கேணி
01.06.2009

அத்தான்,

அக்கா இங்கேதான் இருக்கிறார்.

இருபதாம் திகதி மத்தியானம் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படலையைத் திறந்து வந்தார். இவர் வாசலில் தூண்டில் முடிந்துகொண்டிருந்தவர், எழும்பி ஓடப் பார்த்தார். அக்கா குறுக்கே போய் நின்றார். மன்னிப்பு என்று அவரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. "புள்ள அண்டைக்கு விடிய என்ன செஞ்சாள் எண்டு சொல்லு தம்பி. ஒண்டும் விடாமச் சொல்லு" என்றார்.

அத்தான், நாலரை வருடமாக அதை இவரிடம் யாரும் கேட்கவில்லை. குற்றவாளியிடம் யார் கதை கேட்பார்கள்? நானும் கேட்கவில்லை. இவரும் சொல்ல வாயில்லாமல் அத்தனையையும் உள்ளே வைத்திருந்திருக்கிறார். ஆறு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் பஞ்சு பொறுக்கப் போயிருக்கிறார்கள். ஏழுக்கும் எட்டுக்கும் வாளியைத் தூக்கிக் கொடுத்தது இவர்தான். இன்றைக்குப் பன்னிரண்டு நாளாகச் சொல்கிறார். அக்கா மறுபடி மறுபடி கேட்கிறார். என்ன சட்டை போட்டிருந்தாள், என்ன சாப்பிட்டாள், என்ன பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தாள், எல்லாம். சொல்லச் சொல்ல இவருக்கு இன்னும் நினைவு வருகிறது.

இடது காது போய்விட்டது. இனிச் சுழியோடக் கூடாதாம். இது உங்கள் கேள்விக்குப் பதில்.

நீங்கள் முகாமுக்கு வந்ததற்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. இரண்டு மாதம் பிந்தி வந்தீர்கள். அந்த இரண்டு மாதத்தில்தான் காது போனது. பக்கத்தை அக்காவின் கையில் நீங்களே கொடுத்தீர்கள் என்பதை மட்டும் நான் மறுக்கவில்லை. அக்கா எப்போது வீட்டுக்குப் போவார், உங்களைக் கூப்பிடுவாரா என்று என்னிடம் கேட்க வேண்டாம். நான் கேட்டுப் பார்க்கவும் மாட்டேன். இவர் கேட்கச் சொன்னதற்கும் மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

பொறுக்கி வந்த மூன்று பஞ்சுக்கும் நிலக்சி பெயர் வைத்தாளாம். நேற்று இவர் அந்தப் பெயர்களைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார். சிரித்து, பிறகு சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொல்லச் சொன்னார். என்ன பெயர்கள் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் இங்கே வந்து உங்கள் தம்பியிடம் கேளுங்கள். வலது பக்கமாக நின்று கேளுங்கள், அந்தக் காதுதான் கேட்கும்.

றஞ்சிதா